நல்ல நேரமும் கடல் நேரமும்

கோல சிலாங்கூர்
3 மார்ச் 2024

அன்பு மகள் ஜெனட்டுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கைப்பேசியில் இரண்டு வரிக்கு மேல் தட்டினால் அது எனக்கே புரியாத தமிழில் தானாக எழுதிக்கொள்கிறது. அதனால்தான் இந்தத் தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நேற்று உன் ஜூலியஸ் மாமாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று போனில் நீ அழுத அழுகையில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

உனக்குத் தெரியும், கடற்படையை விட்டு வந்த நாளிலிருந்து மாமா தன் படகில் எஸ்டேட் சனங்களை அஸ்தி கரைக்கக் கூட்டிப் போவார். காசு வாங்க மாட்டார். பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் புறப்பட்டு, முகத்துவாரம் தாண்டி இஞ்சினை நிறுத்துவார். பிள்ளைகள் அஸ்தியை விடும்போது வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். ஒருமுறை கேட்டேன்.

"ஏன் மச்சான், ரப்பர் பால் வெட்டுன கிழவிக்கு எதுக்கு சல்யூட்டு?"

"வாழ்நாள் பூரா மண்டோரு, கங்காணின்னு எல்லார் முன்னாலயும் குனிஞ்சே நின்னுச்சு. போறப்பவாவது ஒருத்தன் அதுக்கு முன்னால நிமிந்து நிக்கட்டும் லா."

நான் படகுத் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டும், இடையிடையே வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு எஸ்டேட்டிலிருந்து லோரி லோரியாகச் சனம். ஃபாதர் செபத்தை முடித்தார், நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டோம். அவர்களுக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. சூடம் ஏற்றலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எஸ்டேட்டுக் கிழவி வள்ளியம்மாதான் முன்னால் வந்தது. பெட்டிக்கு நேராக நின்று ஒரு சல்யூட் வைத்தது. இடது கையால்! அப்புறம் மொத்தச் சனமும் வைத்தது. ஒரு கையாவது ஒழுங்காக இருக்க வேண்டுமே. மாமா மட்டும் எழுந்திருந்தால் எல்லோரையும் வெயிலில் ஓட விட்டிருப்பார்.

ஜூனில் பெர்த்துக்கு வந்து உன்னோடேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னது சொன்னதுதான். விசாவுக்குப் படம் எடுத்தேன். மாடு திருடியவன் போல இருக்கிறேன், ஆஸ்திரேலியாக்காரன் உள்ளே விடுவானோ என்னவோ. உன் அம்மாவும் இல்லை, அவள் அண்ணனும் போய்விட்டார், இங்கே எனக்கென்ன வேலை?

ஒன்றே ஒன்று. எஸ்டேட் இருசப்பன் போன வாரம் தவறிவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் மூத்த மகன் வரும்வரை அஸ்தியை வைத்திருக்கிறார்கள். சின்னவன் அகிலன் வந்து, "அங்கிள், எங்கப்பாவ இனி யாரு கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டான். மாமாவின் படகு சும்மா கிடக்கிறது. ஒரே ஒரு தடவை போய் வந்துவிடுகிறேன்.

உன் அப்பா,
லூகாஸ்


பெர்த்
18 மார்ச் 2024

அன்பு அப்பா,

உங்கள் கடிதத்தை வார்டில் தேநீர் நேரத்தில் படித்தேன். வள்ளியம்மா பாட்டியின் இடது கை வந்ததும் சிரித்துவிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"ஒரே ஒரு தடவை" என்று எழுதியிருக்கிறீர்கள். மாதா திருவிழாவுக்கு ஒரே ஒரு தடவை நாற்காலி அடுக்கப் போனவர்தானே நீங்கள்? இன்றுவரை அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு அறுபத்தொன்பது வயது. நீந்தத் தெரியாது. லங்காவிக்குப் படகில் போனபோது கரையில் நிற்கும்போதே வாந்தி எடுத்தவர். அகிலன் அண்ணனிடம் கிள்ளானில் ஆள் பார்க்கச் சொல்லுங்கள், ப்ளீஸ்.

காலை வெயில் விழும் அறையை உங்களுக்கு ஒதுக்கி, கட்டிலும் போட்டாயிற்று. வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில் என்னைத் தமிழில் திட்டக்கூட ஆளில்லை. வாங்கப்பா.

கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம்தான்.

அன்புடன்,
ஜெனட்


கோல சிலாங்கூர்
9 ஏப்ரல் 2024

அன்பு மகளுக்கு,

திட்டுவதற்கு ஆளில்லை என்றாயே, இதைப் படித்ததும் நீயே என்னைத் திட்டத் தொடங்கிவிடுவாய். போனேன்.

வேற்று மதத்துக்காரன் தப்பாகச் செய்துவிட்டான் என்று பேர் வரக்கூடாதே என்று, ரொம்ப மரியாதையாகப் பூசாரி ஐயாவுவிடம் நல்ல நேரம் கேட்டேன். பஞ்சாங்கத்தைப் புரட்டி, பத்தரைக்கு மேல் என்றார். நானும் சொன்ன நேரத்துக்குப் படகை எடுத்தேன். முகத்துவாரம் தாண்டியதும் படகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கடல் வற்றிவிட்டது, அம்மா! சுற்றிலும் சேறு. நடுவில் இருசப்பனின் அஸ்திச் சட்டியோடு அவர் பிள்ளைகள் இரண்டு பேர், பூசாரி, நான். கொக்குகள் பக்கத்தில் நடந்து வந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

"என்ன ஐயாவு, நல்ல நேரம்னீங்க?"

"நேரம் நல்ல நேரந்தான் லா. தண்ணி எங்கய்யா?"

"தண்ணிய நீங்க பாக்கலியா?"

"நான் எதுக்குப் பாக்குறேன்? ஜூலியஸ் அண்ணன் மொத நாளே போன் போடுவாரு. 'சாமி, நாளைக்கு ஒம்பது மணிக்கு நல்ல நேரம் இருக்குல்ல?'ம்பாரு. நானும் பஞ்சாங்கத்தப் பாப்பேன். இருக்கும்."

"இல்லாட்டி?"

"தேடுனா இருக்கும்யா."

இத்தனை வருசம் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் இறைத்த எனக்கு இது தெரியவில்லை. கடலுக்கும் பஞ்சாங்கத்துக்கும் சண்டை வராமல் அந்த மனுசன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

அகிலன் என்னைச் சேற்றில் தள்ளிவிடுவான் என்று நினைத்தேன். அவனோ, "விடுங்க அங்கிள், எங்கப்பா எந்த வேலைக்கு நேரத்துக்குப் போயிருக்காரு?" என்றான். மூத்தவன் சிரித்தான். சிரித்தது அப்படியே அழுகையாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் வருசக்கணக்காய்ப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாம். இறங்கிப் போகவும் வழியில்லை, சேறு இடுப்பளவு. வேறென்ன செய்வார்கள், பேசினார்கள். படையலுக்கு வைத்த வாழைப்பழத்தை எல்லோருமாய்த் தின்று தீர்த்தோம். படகு ஆடாததால் எனக்கு வாந்தியும் இல்லை.

சாயங்காலம் கடல் ஏறி எங்களைத் தூக்கியது. அஸ்தியை விட்டார்கள். மாமாவின் தொப்பியைப் போட்டேன், காதுவரை இறங்கியது. சல்யூட் அடித்தேன். "காலைச் சேத்து வைங்கய்யா!" என்று பூசாரி அதட்டினார். அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள் பார், ஜெனட். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று உன் அம்மாகூட.

இப்போது சுங்கை பஞ்சாங் ஊரிலிருந்து ஒரு குடும்பம், ஜெராமிலிருந்து ஒன்று. "ஜூலியஸ் அண்ணன் படகு மறுபடி ஓடுதாமே?" என்று போன் செய்கிறார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் வேறு என்னவோ சொல்லிவிட்டது. சீனன் மீன் கடையில் கடல் ஏறும் நேரம் போட்ட தாள் வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மிதவைச் சட்டையும் வாங்கியாயிற்று. ஆரஞ்சு நிறம். போட்டுக்கொண்டால் பூசணிக்காய்தான்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்தேன். உன்னோடு தங்க நான் வரவில்லை, அம்மா. உன்மேல் பாசம் குறைந்து அல்ல. அங்கே வந்தால் வெயிலில் உட்கார்ந்து நீ வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே என்னைத் தேடி ஆள் வருகிறது. என்னை! எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனாலும் நீ "வா" என்று ஒரு சொல் எழுது, படகை விற்றுவிட்டு வந்துவிடுகிறேன். சத்தியமாக. எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள், அவ்வளவுதான்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
அப்பா


பெர்த்
27 ஏப்ரல் 2024

அப்பா,

"வாங்க" என்று எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டி வரைக்கும் போனேன். போடவும் கை நீட்டினேன். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையில் நின்றபடியே கிழித்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். மாமாமேல் அதைவிட. சண்டை போடலாம் என்றால் அவர் இல்லை. அவருக்கும் சேர்த்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

பூசணிக்காய் போல் இருந்தாலும் மிதவைச் சட்டையின் வார் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். பிரஷர் மாத்திரையைக் காலையிலேயே போட வேண்டும். படகு ஏறும் முன் ஒரு போன், கரை ஏறியதும் ஒரு போன். நான் டியூட்டியில் இருந்தாலும் பரவாயில்லை, அடியுங்கள்.

ஜூன் டிக்கெட் போடவில்லை. தங்க வேண்டாம், என்னைப் பார்த்துவிட்டுப் போக வாருங்கள். ஊரில் யாரும் சாகாத மாதமாகப் பார்த்துச் சொல்லுங்கள், போகவர டிக்கெட் எடுக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெனட்