லேஸ் வைத்த ஷூ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் மூவரும் நலம்தான். ஒரே அறையில் இருக்கும்போதுதான் கொஞ்சம் சிரமம். உன் கப்பலில் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றனவா? எரியவில்லை என்றால் உன்னைத்தான் திட்டுவார்கள், எரிந்தால் உன் ஞாபகம் யாருக்கும் வராது. உன் வேலையும் என் வேலையும் அந்த வகையில் ஒன்று.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "கவலைப்படாதக்கா, எல்லாம் சரியாயிடும்" என்பாய். அதன் பிறகு நான் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

கண்ணாடிக் கடையில் வேலை வழக்கம்போல. போன வாரம் ஒரு பெரியவர் தன் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்று தன் மூக்கில் அதை வைத்துக்கொண்டே வந்தார். முதலாளி புதிதாக ஒன்று விற்று அனுப்பிவிட்டார். நான் லென்ஸ் தேய்த்துக் கொடுத்தேன். வாங்கிப் போனவர் திரும்பி வந்து, பழையதை விட இது தெளிவாக இருக்கிறதென்று நன்றி சொன்னார்.

இனி உன் மருமகள் விஷயம். நீ வைத்த பேரே நிலைத்துவிட்டது; பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்கூட "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார். ஒன்பது வயதாகியும் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா ஸ்விட்சையும் ஒரு முறை போட்டு அணைத்துப் பார்த்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். பேச்சு இப்போதும் குறைவுதான். தனக்கென்று பேசுவதை விட, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அதிகம்.

வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்காரும் உதவி டீச்சரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் வருவதற்கு முன்னால் இவள் வகுப்பிலிருந்து எழுந்து, கேட்டைத் தாண்டி, நடு ரோட்டில் நின்று சிக்னல் விளக்கு ஒழுங்காக மாறுகிறதா என்று பார்வையிட்டாள். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். டீச்சர் வந்த பிறகு அந்த ரோட்டுப் பக்கம் அவள் போனதில்லை.

இந்த டெர்மில் ஒரு செய்தி வந்தது. குழந்தை நன்றாக முன்னேறிவிட்டதால் உதவி டீச்சர் இனித் தேவையில்லையாம். என் கடைக்கு வருகிறவரிடம், கண்ணாடி போட்டதும் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆகவே கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள் என்று சொன்னால் அவர் என்னை அடிப்பார். கல்வி அலுவலகத்தில் அதற்கு மறு ஆய்வு என்று பெயர். பெற்றோரும் வரலாம் என்று போட்டிருந்தது.

உன் அத்தான் வரவில்லை. வேலை இருக்கிறது என்றார். வேலை எப்போதும்தான் இருக்கிறது. உண்மையில் அந்த அறையில் நாலு பேர் உட்கார்ந்து நம் பிள்ளைக்கு இது வராது, அது வராது என்று பேசுவதை அவரால் கேட்க முடியாது. போன முறை பாதியில் எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றார். நல்ல அப்பாதான். நல்ல அப்பாவுக்குப் படிக்கட்டு இருக்கிறது.

குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் கூடவே அழைத்துப் போனேன். கூட்டம் தொடங்குமுன் வராந்தாவில் உதவி டீச்சர் என்னைத் தாண்டிப் போவது போலப் போய், நோட்டீஸ் போர்டைப் படிப்பது போல நின்று, "நல்லா செய்யறதைச் சொல்லாதீங்கம்மா. மோசமான நாளைச் சொல்லுங்க. நீங்க பெருமையா ஒண்ணு சொன்னா அவங்க ஒரு மணி நேரத்தைக் குறைச்சிடுவாங்க" என்றார். பிறகு என்னை யாரென்றே தெரியாத முகத்தோடு உள்ளே போனார்.

நீளமான மேசை. அந்தப் பக்கம் வரிசையாக ஆட்கள், அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில். இந்தப் பக்கம் நான், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அது காலியாகத் தெரியக் கூடாது என்று என் கைப்பையை அதில் வைத்தேன். நம் பக்கம் இரண்டு பேர் ஆனோம்.

குழந்தையை வராந்தா பெஞ்சில் உட்கார வைப்பதாகச் சொன்னேன். தலைமையாசிரியை இரக்கமுள்ளவர். "எதுக்குங்க தனியா? உள்ளயே இருக்கட்டும். அவ பாட்டுக்கு அவ உலகத்துல இருப்பா, நாம பேசறது எதுவும் அவளுக்குப் புரியாது" என்றார். நானும் சரி என்றேன். எனக்கும் அவள் கண்ணெதிரே இருந்தால் நிம்மதி. அவள் மூலையில் இருந்த டேபிள் ஃபேனின் பொத்தான்களை ஆய்வு செய்யத் தொடங்கினாள்.

அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தங்கமான மனிதர். ஒவ்வொரு கேள்வியையும் வாழ்த்துச் சொல்வது போலக் கேட்டார். தானாகச் சாப்பிடுகிறாளாமே? தானாகப் பாத்ரூம் போகிறாளாமே? நான் ஒவ்வொன்றையும் இல்லை என்று மறுத்தேன். ஒன்பது வருடம் தெருவில், கடையில், கல்யாண வீட்டில், நம் பிள்ளைக்கு எல்லாம் வரும், கொஞ்சம் தாமதமாக வரும் என்று சாதித்தவள் நான். அன்று மற்றவர்கள் அவளை மெச்ச மெச்ச, நான் குறை சொன்னேன். சிந்துகிறாள், சொன்னால்தான் போகிறாள், சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். எல்லாம் உண்மை. மோசமான நாளில் உண்மை.

பிறகு அவர், "ஷூ லேஸ்கூட அவளே கட்டிக்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம்" என்று பேனாவைத் திறந்தார்.

உனக்குத் தெரியும் அந்தக் கதை. டீச்சர் ஒரு டெர்ம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முதன்முதலாக அவளே கட்டிய அன்று உன் அத்தான் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து காலைக் காட்டினார். எதிர்வீட்டுக்காரரும் பாவம், கோயில் சிலையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தேன், லாரியைப் பார்த்தேன். "இல்ல சார், கட்டத் தெரியாதுங்க. நான்தான் கட்டி விடறேன்" என்றேன்.

உதவி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய ஒரு டெர்ம் உழைப்பு அது. மூலையில் ஃபேன் நின்றது. அவள்தான் நிறுத்தினாள்.

கூட்டத்தின் முடிவு: இந்த ஆண்டு முழுவதும் உதவி டீச்சர் உண்டு, நேரம் குறைப்பதில்லை. தலைமையாசிரியை என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா பேசினீங்க" என்றார். ஜெயித்துவிட்டோம் தம்பி. பஸ்ஸில் நானும் என் கைப்பையும் அவளும் வந்தோம்.

மறுநாள் காலை ஷூவை எடுத்து வைத்தேன். அவள் உட்கார்ந்து காலை நீட்டினாள். கட்டிக்கொள் என்றேன். என் முகத்தைப் பார்த்து, என் குரலிலேயே, அந்த மரியாதையோடு, "தெரியாதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். கெஞ்சினேன், அதட்டினேன், அம்மா பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். நம் இன்ஸ்பெக்டரம்மாவிடம் ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் முயன்று பார்த்தார். அவருக்கும் அதே பதில். உன் அத்தானுக்கு விஷயம் தெரிந்து, "அவ கட்டுறாளேடி. நீயே போய்க் கட்டத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கியே" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தம் எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிது என்று இப்போதுதான் தெரிகிறது. காலையில் நான் தரையில் உட்கார்ந்து லேஸ் கட்டுகிறேன், அவர் பேப்பர் படிக்கிறார், அவள் என் தலைக்கு மேலே சுவரைப் பார்க்கிறாள்.

யாரிடம் சொல்ல? கடையில் சொன்னால், அதான் உதவி கிடைத்துவிட்டதே என்பார்கள். கிடைத்துவிட்டதுதான்.

அடுத்த மறு ஆய்வு ஆண்டு முடிவில் வரும். நான் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் பிள்ளையைப் பற்றி மோசமாகச் சொல்ல வேண்டும், சொல்வேன். உன் விடுப்பை அந்தச் சமயத்துக்கு வாங்கிக்கொள். நீ உள்ளே வந்து பேச வேண்டாம். உனக்குக் கோபம் வரும், காரியம் கெடும். கைப்பையே போதும். நீ அவளைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, என் குரல் எட்டாத தூரத்துக்குப் போய்விடு. சிக்னலைக் காட்டு. கையை மட்டும் விடாதே.

இன்னொன்று. வரும்போது உன் வழக்கமான செருப்பில் வராதே. லேஸ் வைத்த ஷூ போட்டு வா. வாசலில் லேஸை அவிழ்த்து விட்டுக்கொண்டு உட்கார், அவள் முன்னால் காலை நீட்டு. மாமாவுக்குக் கட்டத் தெரியாது என்று சொல். அவிழ்ந்து கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் அவர்களிடம் அவள் ஷூவைப் பற்றித்தான் சொன்னேன், உன் ஷூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கப்பலில் படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

இப்படிக்கு
அன்புடன்,
உன் அக்கா