செர்காமில் கட்டிய ஐந்தாவது பொட்டலம்

அப்பா,

இன்று பின்னேரம் சிவா செர்காம் கடற்கரையிலிருந்து சுட்ட மீன் வாங்கி வந்தார். பையைத் திறந்ததும் கருகிய வாழையிலை வாசம் பாயா ரும்புட்டில் உள்ள நம் வீடு முழுவதும் பரவிவிட்டது. உள்ளே ஐந்து பொட்டலங்கள். வீட்டில் இருப்பதோ நாங்கள் மூன்று பேர்.

"மீன் கடை நானா அஞ்சு கட்டிட்டாரு லா. நான் என்ன சொல்றது?" என்றார் உங்கள் மருமகன்.

மீன் கடை நானாவுக்கு அம்மா போன செய்தியும் தெரியாது, நீங்கள் போன செய்தியும் தெரியாது. ஒரே மூச்சில் இரண்டு சாவைச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சத்தில் சிவா பேசாமல் வாங்கி வந்திருக்கிறார். இப்படிப் பேசாமல் இருந்துவிடுவது நம் குடும்பத்து வியாதி. எனக்கும் அது முற்றிப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

காடு மேடெல்லாம் நிலம் அளந்து நீங்கள் ஓய்வு பெற்றபோது, உங்கள் வயதுப் பென்சன்காரர்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்தார்கள். நீங்கள் பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கினீர்கள். "எனக்கு முழங்கால் சரியில்லை, இந்த மனுசனுக்கு மூளை சரியில்லை," என்று அம்மா தெங்கேராவில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் முதலில் பெட்டி கட்டியது அம்மாதான்.

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கிலிருந்து மூவார் வரை இரண்டு வாரம் போவோம். அவசரமே கிடையாது. காலையில் காற்று இருந்தால் பாய் விரிப்போம். இல்லாவிட்டால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அந்தக் கலங்கலான, வெதுவெதுப்பான கடல்நீரில் உங்கள் பேத்தி யாழியை நீந்தவிடுவோம். படகின் முன்னறையில் பாய்த்துணி மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு, திறந்த மேல்மூடிக்குக் கீழே குடை பிடித்தபடி அம்மா பாண் ரொட்டியும் சம்பலும் பரிமாறுவார். குடை இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. அதை எங்காவது மறந்து வைத்துவிட்டுத் திரும்பி ஓடாத நாளும் இல்லை.

படகில் உங்களுக்கு ஒரே சட்டம். ஏறின வரிசையில் ஆளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும், கடைசி எண் கேட்காமல் இன்ஜினைத் தொடமாட்டீர்கள். வேலையில் ஒருமுறை ஆள் எண்ணாமல் கிளம்பி, அளவுச் சங்கிலி பிடிக்கிறவரைச் சதுப்பில் தனியாக விட்டுவிட்டு வந்தீர்களாம். மறுநாள் அவர் சேறு பூசிய உடம்போடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நீங்கள்தான் அதிலிருந்து வெளியே வரவில்லை. நீங்கள் ஒன்று, யாழி இரண்டு, சிவா மூன்று, நான் நான்கு. எல்லாருக்கும் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அம்மா ஐந்து.

அம்மா இறந்த வருடமும் விடுமுறை வந்தது. "போவம் பிள்ளை," என்று நீங்களே கேட்டீர்கள். முதல் சில நாட்கள் எண்ணிக்கை நான்கில் நின்றது. நீங்களும் ஒன்றும் சொல்லாமல் இன்ஜினைப் போட்டீர்கள். முன்னறையில் மட்டும் யாரும் படுக்கவில்லை. பாய்த்துணி மூட்டையில் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இருந்தது. நான் அதைத் தட்டிச் சமன் செய்வேன். மறுநாள் காலையில் பள்ளம் திரும்ப இருக்கும். ஈரத் துணி இறுகினால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவியல் ஆசிரியைக்கு விளக்கத்துக்கா பஞ்சம்?

பிறகு செர்காம். அன்று காற்று செத்துப் போயிருந்தது. புகைமூட்டத்தில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. ஒரு மீன்பிடிப் படகுகூட வெளியே இல்லை. தூரத்தில் படகை நிறுத்திவிட்டு ரப்பர் படகில் கரைக்குப் போனோம். நானா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ஐந்து பொட்டலங்களைக் கட்டி நீட்டினார்.

"அக்கா எங்க? காணோமே," என்றார்.

நானும் சிவாவும் தரையைப் பார்த்தோம். நீங்கள் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னீர்கள்.

"பின்னாலை வாறா."

அதைத் திருத்தாமல் ஐந்து பொட்டலங்களையும் கூடையில் அடுக்கினேன். திரும்பி நடந்தபோது நீங்கள் இரண்டு தரம் நின்று பின்னால் பார்த்தீர்கள். யாழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படகில் ஏறி எண்ணினோம். நான்கோடு நின்றது. இன்ஜின் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நீங்கள் கரையையே பார்த்தீர்கள்.

"ஒராள் குறையுது," என்றீர்கள்.

"மாமா, தண்ணி இறங்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல சேத்துல உட்கார்ந்துடுவோம் லா," என்றார் சிவா.

"பொட்டலம் ஐஞ்சு, ஆள் நாலு. நான் ஒருத்தரையும் விட்டிட்டு வெளிக்கிடமாட்டன்."

திரும்ப எண்ணச் சொன்னீர்கள். திரும்பவும் நான்கு. மேற்கே சுமத்ரா பக்கம் வானம் அடிவரைக்கும் கறுத்துக்கொண்டு வந்தது. சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகை அந்தக் காற்று பிடித்தால் என்ன ஆகும் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்! பலவந்தமாகச் சாவியைப் பிடுங்கச் சிவாவுக்கு மனம் வரவில்லை. என் காதுக்கருகே குனிந்தார்.

"நீ கீழ போயி அஞ்சுன்னு சொல்லிடு. அத்தை குரல்ல. உனக்குத்தான் வருமே."

வரும்தான். சின்ன வயதிலிருந்தே அம்மாவைப் போலப் பேசி அவரைக் கோபப்படுத்தியவள் நான். ஆனால் அன்று உங்களை ஏமாற்றத்தான் கீழே இறங்கினேன். யாழி அங்கே பலகையில் உட்கார்ந்திருந்தாள். மேலே நீங்கள் மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினீர்கள். ஒண்டு. யாழி "டூ" என்றாள். சிவா மூணு. நான் நாலு என்றேன். பிறகு அடுத்ததற்காக மூச்சை இழுத்தேன். வாயை இன்னும் திறக்கவில்லை.

"ஐஞ்சு. குடையும் எடுத்தாச்சு."

குரல் முன்னறையிலிருந்து வந்தது. கொஞ்சம் எரிச்சலாக, மூச்சு வாங்கிக்கொண்டு. யாழி என் பக்கம் திரும்பவில்லை. சாத்தியிருந்த முன்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடை என் நினைவிலேயே இல்லை, அப்பா. ஐந்து என்ற ஒரு சொல்லைச் சொல்லத்தான் நான் போனேன்.

அடுத்த நொடி இன்ஜின் உறுமியது. அடிப்பாகம் இரண்டு தரம் சேற்றைத் தேய்த்துக்கொண்டு ஆழத்துக்கு நழுவியது. காற்று எங்களைப் பிடித்தபோது போதுமான தண்ணீரில் இருந்தோம். எல்லாம் அடங்கியதும் சிவா என் தோளைத் தட்டினார். "அந்தக் குடை, சூப்பர் லா. எப்படித் தோணுச்சு?" என்றார். நான் சிரித்து வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது கூடையில் நான்கு பொட்டலங்கள்தான் இருந்தன. ஆட்டத்தில் ஒன்று கடலில் விழுந்திருக்கும் என்றார் சிவா. இருக்கலாம். முன்னறைக் கதவைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது. உங்கள் கடைசி வாரத்தில், ஒரு மதியம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"செர்காமிலை உன்ரை அம்மான்ரை குரலிலை சொன்னது நீதானே?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும். பேத்தி பயந்து போனாள். அதுதான் தெரியாத மாதிரி இன்ஜினைப் போட்டனான். நீ கெட்டிக்காரி." சுவர்ப் பக்கம் திரும்பினீர்கள். "ஆனா அவவை விட்டிட்டு வந்திட்டன், என்ன?"

நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று நினைத்தேனா, எனக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பீர்கள் என்று பயந்தேனா? அந்தக் குரல் அம்மாவுடையதுதான் என்று நாம் இருவரும் நம்பியிருந்தால் உங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! நம் வீட்டில் பேயை நம்புகிறவர் நீங்கள், நம்பாதவள் நான் என்று எல்லாரும் சொல்வார்கள். கடைசியில் நீங்கள் நம்பவில்லை. நான் கேட்டேன். கேட்டதை விழுங்கிவிட்டு உங்களைத் தனியாக அந்தச் சேற்றுக்கரையைப் பார்த்தபடியே போகவிட்டேன். அது பாவம், அப்பா. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அதனால் இப்போது சொல்கிறேன். அன்று குரல் கொடுத்தது நான் இல்லை. நீங்கள் செர்காமில் ஒருவரையும் விட்டுவிட்டு வரவில்லை. அம்மா ஏறிவிட்டார், குடையோடு.

மேசையில் இரண்டு பொட்டலங்கள் பிரிக்காமல் இருக்கின்றன. யாழி அவற்றைக் குளிர்பெட்டியில் வைக்க வந்தாள். இன்றைக்கு இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் விடுமுறை. படகு இன்னும் ஆற்றுமுகத்தில்தான் நிற்கிறது. பாய்த்துணியை எல்லாம் வெயிலில் உலர்த்தி நானே மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். இனி எண்ணுவது நான்தான். மூன்றோடு எங்கள் ஆள் முடிந்துவிடும். ஆனாலும் சாவியைத் தொடாமல் கொஞ்சம் நிற்பேன். குரல் வந்தால் எனக்கு நடுக்கம்தான். வராவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நாலு உங்களுடையது, அப்பா. சட்டென்று சொல்லிவிடுங்கள். அம்மாவால் நிற்க முடியாது, முழங்கால் வலி.

உங்கள் மகள்