மூன்று இடத்தில் ஒரே மெரூன்

4-8-2008, திங்கள்
துணி வாங்கும் டென்மார்க் பையர் அடுத்த திங்கட்கிழமை நம் வெப்சைட்டையும் போட்டிக்கார லிங்கசாமி கம்பெனியுடையதையும் பார்ப்பாராம். பிடித்தவரிடம்தான் சாம்பிள் கேட்பாராம். மெரூன் துணியை நான் இழுத்துக் காட்டும் வீடியோ படத்தை நம் பக்கத்தில் ஓடவிட வேண்டும். அதற்குப் படத்தை நெட்டில் வெளியே ஓரிடத்தில் ஏற்றி வைக்கணுமாம். மூன்று இடம் சொன்னாள் பேத்தி சித்ராதேவி. மகன் ரத்தினசாமி, “ஏதோ ஒண்ணுல போடுங்கம்மா, எல்லாம் ஒண்ணுதானுங்க” என்கிறான். நூல் வாங்கும்போது இப்படிச் சொல்வானா?

5-8
மூன்றிலும் ஏற்றச் சொல்லிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். கலர் பார்க்க அது போதும்.

6-8
மெரூன் துண்டை ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். முதல் இடத்தில் செங்கல் நிறம். தள்ளிவிட்டேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. மற்ற இரண்டையும் சித்ராவின் லேப்டாப்பில் பார்த்தேன். மெரூன் மெரூனாகவே இருந்தது.

படுத்த பிறகுதான் உறைத்தது. ஒன்றை ஒரு திரையில், மற்றதை வேறு திரையில் - இது என்ன செக்கிங்? ஒரு துணியை டியூப்லைட்டிலும் இன்னொன்றை வெயிலிலும் வைத்துப் பார்க்கிறவளை நானே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். ச்சே.

7-8
மண்ணரை பிரவுசிங் சென்டர். ஒரே கம்ப்யூட்டரில் மூன்றும். கலரில் வித்தியாசமே இல்லை. ஆனால் முதல் இடத்தில் படம் முடிந்ததும் குட்டிக் குட்டியாக வேறு படங்கள் வந்தன. அதில் ஒன்று லிங்கசாமி கம்பெனி! நம்ம ஊட்டுக்கு வர்ற ஆளை நாமளே அவன் ஊட்டு வாசல்ல எறக்கி விடறதா? வேண்டாம். இரண்டாவது, ஓரத்தில் தன் முத்திரையைப் போட்டு ஓரத் தையலை மறைக்கிறது. மூன்றாவது சுத்தம். ஆனால் நின்று நின்று ஓடுகிறது.

“நீளத்தைக் கொறைச்சா ஓடும் அப்பாயி. முன்னாடி நீங்க பேசறதை வெட்டோணும்.”

நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பேசிய பகுதி அது. கூட வந்த ரத்தினசாமி சிரித்தான். “உங்க மூஞ்சியே இருக்காதுங்கம்மா!”

“பையர் மூஞ்சியவா வாங்கறான்? வெட்டு கண்ணு.”

9-8
வெட்டியாயிற்று. கை மட்டும்தான் தெரிகிறது. இருபது விநாடி, நிற்காமல் ஓடுகிறது.

11-8
காலையிலிருந்து மெயில் இல்லை. 

14-8
மெரூனில் சாம்பிள் கேட்டு மெயில் வந்தது.

மதியம் லிங்கசாமி போன். “ஏனுங்கக்கா, உங்க படம் முடிஞ்சா வேற யாரு படமுமே வர்றதில்லீங்களே, எங்க போட்டீங்க? என்ர படம் முடிஞ்சா ஊரே வருது.”

இடத்தின் பெயரைச் சொன்னேன். எதை வெட்டினேன் என்று சொல்லவில்லை.