தகவல் தந்தவர்: சவேரியம்மாள்

ஜூன் 7, சனி

காலையிலிருந்து புழுதிக்காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு மாடியில்.

திங்கள் வகுப்புக்குத் தயாரிப்பு. மாநகராட்சித் தளத்தின் தரவை 'ஆர்' (R) நிரல்மொழியிலிருந்தே நேரே எடுப்பது. தளத்துக்குப் போய், கோப்பை இறக்கி, எக்செலில் திறந்து... ஒன்றும் வேண்டாம். முகவரியைக் கொடுத்து ஒரு வரி ஓட்டினால் அட்டவணை வந்து நிற்கிறது. பி.எஸ்ஸி. பிள்ளைகள் மிரளாமலிருக்கச் சின்னப் பட்டியல்: தெருக்குழாய்கள்.

எங்கள் தெருவை மட்டும் வடிகட்டினேன். ஒரே ஒரு பதிவு. நிலை: பயன்பாட்டில் உள்ளது. தகவல் தந்தவர்: சவேரியம்மாள்.

அம்மா. போய்ப் பதினோரு மாதம். ரேஷன் கார்டில்கூடப் பெயரை எடுத்தாயிற்று. இங்கே இருக்கிறாள்.

பாடக்குறிப்பு எழுதவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது எங்கள் தெருப் பின்வரிசை வீட்டு ரோசம்மா மயினி. அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்து, முட்டுவலியோடு.

"குழாய் கேட்டுக் குடுத்த மூணாவது மனுவும் போச்சுளா. ஒங்க தெருவுலதான் குழாய் ஓடுதேன்னு கார்ப்பரேசன்காரன் சொல்லுதான். கண்ணவிஞ்சா போச்சு அவனுக்கு?"

 குழாயைச் சிமெண்ட் ரோடு போடும்போதே பிடுங்கியாயிற்று. எங்களுக்கு வீட்டு இணைப்பு உண்டு. பின்வரிசை ஆறு வீட்டுக்கும் இல்லை.

அதற்குப் பிறகு குழாய்க் கணக்கெடுக்க ஆள் வந்த நாள் நினைவிருக்கிறது. உச்சி வெயில். "தெருக்குழாய் இருக்காம்மா?" அம்மா அலமாரியிலிருந்து குழாயின் பித்தளைத் திருகை எடுத்துவந்து காட்டினாள். "இல்லாம எங்க போவும்? திருகு எங்கிட்டல்லா இருக்கு." அவரும் டிக் அடித்துவிட்டுப் போனார். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. சிரித்தேன். எழுந்து போய்ச் சொல்லவில்லை.

குழாயடி வீடு என்பதால் திருகு எப்போதும் அம்மா பொறுப்பு. துறைமுகச் சங்கு ஊதினதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று ஒருநாள் என் குடத்தை முன்னால் நகர்த்தினேன். எத்தி விட்டாள். "ஏளா, எம் மவளுன்னா கொம்பா? பின்னால போ."

அந்தக் குரல் வேண்டும் எனக்கு.

ஜூன் 9, திங்கள்

வகுப்பில் வேறு பட்டியலை வைத்து ஒப்பேற்றினேன்.
மயினி முகத்தைப் பார்க்காமல் சந்து வழியாக வீடு.

ஜூன் 10, செவ்வாய்

வாங்க: இஞ்சி, சோப்பு, அம்மா படத்துக்கு மாலை.

திருத்தப் படிவம் அனுப்பிவிட்டேன். 'குழாய் இல்லை. தவறான தகவல் எங்கள் வீட்டில் தந்தது.' பதிவை நீக்கினால் பெயரும் போகும். நகல் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது என் கணினி. ஊர்ப் பட்டியல் இல்லையே.

மயினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்தாள்.  திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

அதே வரியை ஓட்டினேன். தலைப்புகள் மட்டும் வந்தன. பதிவுகள்: 0. அழுதேன்.

சாயங்காலம் மயினி வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

"அளந்துட்டுப் போறான்ளா. பழைய எடத்துலேயே குழாய் வருதாம். திருகு ஒங்கிட்டதான் இருக்கணும். நானே முந்துனாலும் எத்தி விடு."

புதுக் குழாய்க்கு அது சேராது. இருந்தாலும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.