நிஜினை நெய்யாற்றுக்குக் கூட்டிப்போனது

தனுவச்சபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் ஷைஜுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஜிஜாவும் பிள்ளைகள் இரண்டும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், சுகமாக இருப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் நீ செய்துவிட்டாய். இங்கே நானும் அப்பாவும் சுகம். மூன்று பேரும் சுகம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், இப்போது அதை மாற்றிக்கொண்டு வருகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் உன் தம்பி நிஜின் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, உட்கார்ந்து படி. படித்துவிட்டு ஜிஜாவிடமும் கொடு, ஒளித்து வைக்காதே.

இங்கே ஐப்பசியின் துலாம் மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு சரியாக நடக்கவில்லை, அப்பாவுக்கு முட்டுவலி ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆனந்தபாய் தினமும் வேலிக்கருகே வந்து நின்று, இளையவன் எங்கே, சத்தத்தையே காணோமே என்று கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று முதலில் சொன்னேன், பிறகு உன்னிடம் வந்திருக்கிறான் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் போனாள். உன் பெயரை நல்லபடியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், பயப்படாதே.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தோம். போன வருஷம் லீவில் வந்தபோது நிஜின் உன் மகன் அஸ்வந்தைக் கட்டிப்பிடித்துவிட்டு விடவில்லை, பையன் பயந்து அலறினான், அதுதானே நடந்தது? இருபத்தெட்டு வயசானாலும் அவனுக்குப் பிரியம் காட்ட அந்த ஒரு வழிதான் தெரியும். ஜிஜா பெட்டியைக் கட்டிக்கொண்டு, அவன் இருக்கிற வீட்டுக்கு இனி பிள்ளைகளைக் கொண்டுவர மாட்டேன் என்றாள். நீ வாயைத் திறக்கவில்லை. அங்கே போன பிறகுதான் உனக்கு வாய் வந்தது. அவனைப்போல உள்ளவர்களைப் பார்க்கிற ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், உங்களுக்கும் வயசாகிறது, நாளைக்கு யார் பார்ப்பார்கள் என்று மாதக்கணக்கில் அப்பாவின் காதைத் தின்றாய். உங்களுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை, சும்மா பேச்சுக்காவது சொல்லியிருந்தால் நாங்கள் இணங்கியிருக்க மாட்டோம். இல்லம் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அவன் வாசலைத் தாண்ட வேண்டுமே? அவனை வண்டியில் ஏற்ற முடியாது என்று அப்பா சொன்னபோது வழி சொல்லிக் கொடுத்ததும் நீதான். “நெய்யாறுக்குப் போறோம்னு சொல்லுங்கோ, அவன் ஓடிவந்து ஏறுவான்.” அவ்வளவு படித்த மூளை, வீண்போகுமா.

உண்மையாகவே ஓடிவந்து ஏறினான் மக்கா. நாலாம் ஓணத்தன்று சோமனின் ஜீப் முற்றத்தில் வந்து நிற்கும் முன்பே சட்டையைப் போட்டுக்கொண்டான், நின்றதும் முன்சீட்டில் உட்கார்ந்தாயிற்று. நீங்கள் சிறுவர்களாக இருந்தபோதிருந்தே நாலாம் ஓணத்துக்கு நாம் அந்த அணைக்கட்டுக்குப் போய்ப் படகிலிருந்து மிளா மான் பார்க்கிற வழக்கம்தானே, அவனுக்கு அதில் சந்தேகமே வராது. வழக்கம்போல மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன்கறி வைத்து இலையில் கட்டிக் கொண்டுபோனேன். நேரே இல்லத்தில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. “எனக்க பிள்ளைய பொய் சொல்லிக் கொண்டுபோவ மாட்டேன், மிளாவக் காட்டிட்டுத்தான் விடுவேன், அது நேராக்கும்” என்றார். அந்த மனுஷனின் நேர்மையைக் கேட்டாயா. வெள்ளறடை தாண்டி ஒற்றசேகரமங்கலம் வந்ததிலிருந்தே நிஜின் கையைத் தட்டத் தொடங்கினான். படகில் ஏறுமுன் கொடுப்பார்களே ஆரஞ்சு நிற உடுப்பு, அதைக் கழற்றவே விடமாட்டான் என்று அங்குள்ள கார்டுக்குத் தெரியும், இவனைக் கண்டதும் பெரிய அளவாக ஒன்று எடுத்துவைத்தார். அன்றைக்கு எங்கள் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, தண்ணீர்க்கரையில் மிளா நின்றது, தாயும் குட்டியும். வீட்டில் சத்தம்போட்டுக் கூரையையே பெயர்க்கிறவன் அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான். படகு திரும்புகிறபோது என் காதில் “மிளா” என்று மெல்லச் சொன்னான். அவன் வாயில் வருகிற நாலைந்து வார்த்தைகளில் ஒன்று, அதுவும் நீ மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. மரச்சீனியை அவனே முக்கால்வாசி தின்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் கண்டதில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திரும்புகிற வழியில் கள்ளிக்காட்டுக்கு இப்புறம் ஜீப் இல்லத்துக்குள் திரும்பியது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை, இதுவும் காட்டின் ஒரு பாகம் என்று நினைத்திருப்பான், இறங்கி மரத்தடியெல்லாம் எட்டிப்பார்த்தான். கன்யாஸ்திரீ ஒருவர் அவனுக்குப் பாயசம் கொடுத்து உள்ளே உட்காரவைத்தார். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் பின்பக்கமாக வந்து வண்டியில் ஏறினோம். சோமன் சத்தம் கேட்காமல் வண்டியைச் சரிவில் உருட்டி, ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தான். அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததா, அவனுக்கே தோன்றியதா என்று தெரியவில்லை.

இதுவரைக்கும் நடந்ததற்கு நீ “தேங்க்ஸ் அம்மா” என்று மெசேஜ் அனுப்பினாய், ஒரு கைகூப்பும் படமும் போட்டாய். இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் உன்னிடம் கேட்காமல் சோமனின் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அவனைத் திரும்பக் கொண்டுவரப் போனோம். நீ கோபப்பட்டால் பட்டுக்கொள், ஜிஜா வராவிட்டால் வராதிருக்கட்டும் என்று முடிவுசெய்துதான் போனோம். குறை சொல்லக்கூடாது, அங்கே நன்றாகத்தான் பார்க்கிறார்கள், முடிவெட்டி, குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் வந்து கட்டிப்பிடித்தான், எலும்பு நொறுங்குகிற பிடி. அவனை எப்படி வண்டிவரைக்கும் கொண்டுபோவது என்று எனக்கு வேறு வழி தெரியவில்லை, நான் சொன்னேன், “வா மக்கா, மிளா பாக்கப் போவோம்.”

அவன் என்னை விட்டுவிட்டான். முற்றத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், உள்ளே ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டான். அப்பா அந்த முட்டுவலியை வைத்துக்கொண்டு தரையில் படுத்து, வீட்டுக்குத்தான் போகிறோம் மக்கா என்று சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கட்டில்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். இழுத்தால் அவனுக்கு வலிப்பு வரும், இன்னொரு நாள் வாருங்கள் என்று கன்யாஸ்திரீ எங்களை அனுப்பிவைத்தார். அப்பா அன்றைக்கு வந்து படுத்தவர், கஞ்சி குடிக்க மட்டும் எழும்புகிறார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் எங்கள் பின்னால் வருவான், அதையும் உனக்காகச் செலவழித்துவிட்டோம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறோம், பிள்ளைகளுக்கு நெய்யாற்றைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக வா, சோமனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நீங்கள் நால்வரும் காலை நீட்டி உட்காரலாம், முன்சீட்டுக்கு இனி சண்டை இல்லை. மிளாவை ஆசைதீரப் பாருங்கள். ஆனால் திரும்பும் வழியில் இல்லத்தில் இறங்கி உன் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் இந்த வீட்டுப் படியேற வேண்டும். அவனை ஏமாற்ற வழி கண்டுபிடித்தவன் நீ, நம்பவைக்கவும் ஒரு வழி கண்டுபிடி. அவன் வரமாட்டேன் என்றால் அந்தக் கட்டிலுக்கடியில் நீயும் போய்ப் படு. அவன் இல்லாமல் வந்தால் கதவு திறக்காது, சாவி என் மடியில் இருக்கும், அப்பா சொன்னாலும் தரமாட்டேன்.

அங்கே குளிருக்குப் பிள்ளைகளின் காதை மூடிவை, அஸ்வந்துக்குச் சளி பிடிக்கிற உடம்பு. தொட்டுக்கொள்ள அனுப்பிய மாங்காய் அச்சாறு வந்துசேர்ந்ததா என்று எழுது. பிள்ளைகள் இரண்டுக்கும் என் முத்தம். அவர்கள் நன்றாக வளர்ந்து, பெரிய ஆளாகி, நீ உன் கூடப்பிறந்தவனைப் பார்த்துக்கொண்டதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்குவைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். உனக்கும் அதுவே என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னையும் நிஜினையும் பெற்ற அம்மா,
குமாரி