இந்த வாரம் மட்டும் நான் கேப்டன்

என் அன்பான அண்ணே,

அங்கிட்டு எப்படி இருக்க? இங்கே அறந்தாங்கியில் உன் இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஆன்லைன் கேமில் கேப்டன் பொறுப்பை என் பெயருக்கு மாற்றிவிட்டு, "இந்த வாரம் மட்டும் டீமப் பாத்துக்க, நான் வந்து வாங்கிக்கிறேன்"னு சொன்னாயே, ஞாபகம் இருக்கா? நாலு மாசம் ஆச்சு. நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

சவுதியில், தமாமில் வேலை பார்க்கும் ரபீக் அண்ணனைக் கேட்டேன். "ஒங்கண்ணன் ஒன்கிட்டதானம்மா குடுத்தான்" என்றது. அரிமளத்துச் செல்வமும் அதையே சொன்னான். நாலு பேர் டீம், இப்போது மூன்று பேர்.

நீ இருந்தவரை நான் மைக்கைத் திறந்ததே இல்லை. "தங்கச்சி வலது பக்கம் வர்றா"ன்னு எனக்கும் சேர்த்து நீயே பேசிவிடுவாய். நீ மௌத்தாகி, உன்னை அடக்கம் செய்த பிறகு இந்த வீட்டில் கேம் சத்தம் கேட்டால் அம்மா என்ன நினைக்கும்? அதனால் எல்லாவற்றையும் டைப் செய்தே சமாளித்தேன். "பின்னால வாங்க" என்று தட்டி முடிப்பதற்குள் மூன்று பேரும் காலியாகியிருப்போம்.

தோற்றால் நீ முதலில் என்ன சொல்வாய்? "என் தப்புடா, நான்தான் லேட்டா சொல்லிட்டேன்." பொய்யாக இருந்தாலும் சொல்வாய். போன மாசம் ஒரு ஆட்டத்தில் தோற்றபோது எனக்கு அழுகைதான் வந்தது. ஒன்றும் சொல்லாமல் வெளியேறிவிட்டேன். அதைக் கோபமென்று நினைத்து ரபீக் அண்ணன் மறுவாரம் வரவே இல்லை.

செல்வம் போன் பண்ணினான். "ரபீக் அண்ணே ரூம்லயே படுத்துக் கெடக்காராம். வெள்ளிக்கிழம நம்மகூடச் சிரிக்கிறதுதான் அவருக்கு லீவு. ஒரு வார்த்த பேசுங்க."

அப்போது உன் மேல்தான் ஆத்திரம் வந்தது. நீ போய்த் தப்பித்துக்கொண்டாய் என்றுகூட நினைத்துவிட்டேன். மன்னிச்சுக்க அண்ணே.

போன வெள்ளிக்கிழமை செல்வம் கெஞ்சிக் கூத்தாடி ரபீக் அண்ணனை அழைத்து வந்தான். மைக்கைத் திறந்தேன்.

"ரபீக் அண்ணே, என் தப்புதான். நான்தான் லேட்டா சொல்லிட்டேன்."

ரபீக் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவன மாதிரியே சொல்றியேம்மா" என்றது.

திரும்பினால் அம்மா நிற்கிறது. "யாருகூடப் பேச்சு?"

"அண்ணனோட கூட்டாளிங்கம்மா."

நீ போட்ட கத்தலுக்கு வாராவாரம் திட்டிய அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பேச வசதியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனது. எனக்கிருந்த ஒரே சாக்கும் போச்சு. இனி எங்கே ஓடுவேன்?

அன்றைக்கும் தோற்றோம். ஆனாலும் ரபீக் அண்ணன் சிரித்தது.

இனி மைக்கை மூட மாட்டேன். தோற்றால் முதல் தப்பு என்னுடையது. நீ வந்து வாங்கிக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும், இந்த வாரம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொல்வேன்.

உன் வலது பக்கத்துத் தங்கச்சி,
ஜமீலா