இன்னும் இரண்டு அங்குலம்

லா சப்பல், பாரிஸ்
2 ஓகஸ்ட் 2017

ரூபி,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. என் பிள்ளையை உன் அறைக்குள் வைத்துக்கொண்டு, நான் எடுக்கும் அழைப்பையெல்லாம் வெட்டிவிடுகிற உனக்குச் சுகத்துக்கு என்ன குறை?

சனிக்கிழமை காலை லக்சிகா கடைக்கு வருகிறேன் என்றுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டாள். கூறைச்சேலைக்குரிய பிளவுஸ் சென்னையிலிருந்து வந்துவிட்டது. போட்டுப் பார்க்க வேண்டும். பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் ஒரு செய்தி வந்தது: "சித்தி வீட்டை நிக்கிறன். தேட வேண்டாம்." அதற்குப் பிறகு அவளுடைய தொலைபேசியும் என்னைத் தடுத்துவிட்டது.

கல்யாணம் செப்ரெம்பர் மூன்றாம் திகதி. நாலரைக் கிழமைதான் இருக்கிறது. அழைப்பிதழ் கொடுத்து முடிந்துவிட்டது. கஜன் வீட்டார் வில்லியே லே பெல்லில் இருந்து தினமும் எடுத்துக் கதைக்கிறார்கள். பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாளைக்குச் சளிக்காய்ச்சல்?

போன வருடம் ஒரு சொல் சொல்லாமல் என் கடையைவிட்டுப் போனாய். ஐந்து வருடம் உனக்கு மணப்பெண் அலங்காரத் தொழில் பழக்கி, தங்க இடம் தந்து, விசா அலுவலுக்கெல்லாம் கூடவே அலைந்தேன். அதையெல்லாம் நான் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என் மகளைப் பிரித்தெடுக்கலாம் என்று நினைக்காதே.

பிளவுஸுக்கு அவள் இன்னும் இரண்டு அங்குலம் குறைய வேண்டும். ஒவ்வொரு நாளும் முக்கியம். நீ பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறவள். மிஞ்சுவதையெல்லாம் கொண்டுவந்து அவளுக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அவளை அனுப்பிவிடு.

சிவரஞ்சினி


மார்க்ஸ் டோர்மோய்
5 ஓகஸ்ட் 2017

அக்கா,

தொலைபேசியில் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். எழுதினால் கடைசி வரி வரை வாசிப்பேன். அதனால் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அழைப்பிதழ் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள், பிளவுஸ் இருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவள் கடைக்கு வருவதற்காகத்தான் வெளிக்கிட்டிருக்கிறாள். கடைத் தெருமுனை வரை வந்து, கடையின் முன்கண்ணாடியில் தொங்கும் தன் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி என் வீட்டுக்கு நடந்து வந்தாள். என் கட்டடத்தில் லிப்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டும். இரண்டாம் மாடியில் விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பேர்ளிதான் சத்தம் கேட்டு ஓடிப்போய், என்னையும் கூப்பிட்டு, அம்புலன்ஸுக்கும் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் உடுப்பை மாற்றியபோது பார்த்தேன். பாவாடை இடுப்பில் நில்லாமல் மூன்று ஊசி குத்தியிருந்தாள். முப்பத்தெட்டுக் கிலோ, அக்கா. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. இதயம் மெதுவாக அடிக்கிறது என்றார்கள். ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரியுமா? கைப்பையில் பெயர் ஒட்டாத குளிசைப் போத்தல் ஒன்று இருந்தது. யார் தந்தது என்று டொக்டர் கேட்டபோது அவள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தெரியும். உடம்பு மெலிய என்று நீங்கள் விற்கும் அதே போத்தல்கள் உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும், ஐந்து வருடம் நான்தான் தூசு தட்டினேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். என்னைப் பார்த்து, நீங்கள்தான் அம்மாவா என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுக்க முன்னர் லக்சிகா ஓம் என்று சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை பூட்டியதும் அவளைத் தராசில் ஏற்றி அளவு நாடா பிடித்தீர்களாம். பதின்மூன்று வயதில் அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படத்தைக் கண்ணாடியில் தொங்கவிட்ட நாளிலிருந்து, வருகிற மணப்பெண்களுக்கெல்லாம் "என்ரை மகளைப் பாருங்கோ" என்று காட்டினீர்கள். அந்தப் பிள்ளை பத்து வருடமாக அந்தப் படத்துக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அனுப்பமாட்டேன்.

ரூபி


லா சப்பல்
8 ஓகஸ்ட் 2017

ரூபி,

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை ஏழு நாள் கழித்துத் தபாலில் எனக்குச் சொல்கிறாய். பெற்றவளுக்கு. அதை முதலில் யோசித்துப் பார்.

நான் போய்க் கேட்டேன். அவளுடைய சம்மதம் இல்லாமல் எதுவும் சொல்லமாட்டார்களாம். கதிரையில் இருத்தி ஒரு கிளாஸ் தண்ணீர் தந்து அனுப்பினார்கள்.

குளிசை குளிசை என்கிறாய். மூலிகை அது. லா சப்பலில் பாதிப் பெண்கள் குடிக்கிறார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நீ என்னைக் கொலைகாரி போல எழுதுகிறாய். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது.

தொண்ணூற்றுமூன்றில், இருபத்திரண்டு வயதில், முகம் தெரியாத மாப்பிள்ளைக்கு என்று நான் இங்கே வந்திறங்கினேன். வரும் வழியில் மொஸ்கோவில் நாலு மாதம், ஒரு அறையில் பதினாறு பேர். பாணும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. உடம்பு ஊதிவிட்டது. விமான நிலையத்தில் உன் அத்தானும் அவருடைய தாயும் நின்றார்கள். மாமி என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்துவிட்டு மகனிடம் சொன்னா: "படத்திலை மெலிவா இருந்தாள்." அவ்வளவுதான். உன் அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இருபத்துநாலு வருடமாகிறது. இப்போதும் ஒரு வாசலுக்குள் காலெடுத்து வைக்கும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்கும்.

என் மகள் எந்த வாசலிலும் அதைக் கேட்கக்கூடாது. அதற்காகத்தான் எல்லாம்.

உனக்கு இது விளங்காது. முப்பத்தெட்டு வயதாகிறது, உன்னை ஒருவன் வந்து கேட்கவில்லை. யுத்தத்தில் செல் பட்ட கையோடு வந்தாய், பாவம் என்று வைத்திருந்தேன். உன் கையைக் கண்டு ஒரு மணப்பெண் முகத்தைச் சுளித்தாள் என்பதற்காக நீளக்கைச் சட்டை தைத்துத் தந்தேன். அதையும் மனதில் வன்மமாக வைத்திருந்தாய் என்று இப்போது தெரிகிறது. வந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆகிவிட்டாய். உன்னை நீயே கைவிட்டது போதாது என்று என் மகளையும் உன்னைப் போல் ஆக்கப் பார்க்கிறாய். அவள் அழகாக இருப்பது உனக்குக் கண்ணில் குத்துகிறது.

கஜனுக்கு நீ ஏதாவது சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

சிவரஞ்சினி


மார்க்ஸ் டோர்மோய்
15 ஓகஸ்ட் 2017

அக்கா,

கஜனுக்கு நான் சொல்லவில்லை. லக்சிகாவே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவன் ரயிலேறி வந்தான். கட்டிலில் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். ஓகஸ்ட் மாத வெக்கையில். நான் குசினிக்குள் போய் நின்றேன். சிறிய அறை, எல்லாம் கேட்கும். அவள் போர்வையை எடுத்து, சட்டைக் கையைச் சுருட்டித் தன் கையைக் காட்டினாள். பள்ளிக்கூடப் பொடியனாக இருந்த காலத்தில் கடைக் கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் உன்னை விரும்பினேன், அதை ஒருநாளும் உன்னிடம் மறைக்கவில்லை, அது உன்னை இப்படிச் செய்யும் என்று தெரியாது என்று சொல்லி அழுதான். வெளியில் வந்து என்னிடம் சொன்னான்: "கலியாணத்தைப் பிறகு வைப்பம், சித்தி. முதல் அவ சாப்பிடட்டும்."

தன் வீட்டாருக்கும் அவனே சொல்லிவிட்டான். ஆகவே செப்ரெம்பர் மூன்று இல்லை. மண்டபத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

மாமி சொன்னதை வாசித்தபோது எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. அத்தான் பேசாமல் நடந்ததும்தான். ஆனால், அக்கா, மாமி அதை ஒரே ஒரு தரம்தான் சொன்னா. நீங்கள் உங்கள் பிள்ளைக்குப் பத்து வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னீர்கள். நீங்கள் உங்கள் பிள்ளைக்குத் தாயாக இருக்கவில்லை. மாமியாக இருந்தீர்கள்.

என்னை ஒருவனும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டான். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில். ரூ லூயி-பிளாங்க் தெருவில் பயண முகவர் கடையில் வேலை செய்தவன். நான் சொல்ல முன்னர், ஏமாற்றக்கூடாது என்று நீங்கள் அவனைக் கூப்பிட்டு என் கையைப் பற்றியும் தோளைப் பற்றியும் விபரமாகச் சொன்னீர்கள். நெஞ்சு வரை தழும்பு இருக்கிறது என்றுகூடச் சொன்னீர்கள். அதன் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. அதை நான் அறிந்தது போன வருடம். அன்றுதான் கடையைவிட்டு வந்தேன். ஒரு சொல் சொல்லாமல் வந்தேன் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அது நல்ல சொல்லாக இருந்திராது.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் கட்டைக்கைச் சட்டைதான் போடுகிறேன். பிள்ளைகள் முதல் நாள் கேட்டார்கள், என்ன இது என்று. யுத்தம் என்றேன். வலித்ததா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போடச் சொன்னார்கள்.

லக்சிகா உங்களுக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான். பிரெஞ்சில் சொன்னாள், பிறகு தமிழிலும் சொல்லிப் பார்த்தாள், நான் பிழையாக எழுதிவிடுவேன் என்ற பயத்தில்: "அம்மா என்னைப் பாக்கேக்கை என்னைப் பாக்கிறேல்லை. பிளவுஸைத்தான் பாக்கிறா."

ரூபி


லா சப்பல்
22 ஓகஸ்ட் 2017

வசந்தரூபிக்கு,

மண்டபத்துக்கு அறிவித்துவிட்டேன். லக்சிகாவுக்குச் செங்கண்மாரி நோய், ஆறு மாதம் போகும் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்லு. இதுதான் நான் உன்னிடம் கேட்கும் கடைசி உதவி.

இனி எனக்குத் தங்கச்சி இல்லை. தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போ. நான் செத்தால் வந்து நிற்காதே. எனக்கு எழுதாதே.

சிவரஞ்சினி குலசேகரம்


மார்க்ஸ் டோர்மோய்
9 ஏப்ரல் 2018

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எட்டு மாதம் எழுதவில்லை. செங்கண்மாரி என்றும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, பிள்ளை பட்டினி கிடந்தாள், இப்போது சாப்பிடுகிறாள் என்று சொன்னேன். உங்கள் கடை வாடிக்கையாளர்களும் கேட்டார்கள்.

இப்போது எழுதுவது ஒரு தகவலுக்கு. இது அழைப்பு இல்லை. லக்சிகாவுக்கும் கஜனுக்கும் பதிவுத் திருமணம், ஏப்ரல் 21 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வில்லியே லே பெல் நகரசபையில். கோயில், மண்டபம், அலங்காரம் ஒன்றும் இல்லை. அவர்கள் இருவரும் அப்படித்தான் வேண்டும் என்கிறார்கள். அத்தானுக்கு அவளே சொல்லிவிட்டாள். அவர் வருவார். உங்களிடம் தானே சொல்லப் பயமாக இருக்கிறது என்று அவர் என்னிடம் பாரத்தைப் போட்டார்.

உங்களைக் கூப்பிட வேண்டாம் என்று லக்சிகா சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் யோசித்துவிட்டுச் சொன்னாள். அன்று உங்கள் கண் தன் மேல் பட்டால் தன்னால் நிமிர்ந்து நிற்க முடியாதாம்.

கிழமைக்கு ஒரு தரம் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சில நாள் நன்றாகச் சாப்பிடுகிறாள், சில நாள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மாதவிலக்கு மாசியில் வந்தது. அன்று இரண்டு பேரும் குசினியில் இருந்து அழுதோம். எத்தனை கிலோ என்று எழுதமாட்டேன். அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

ரூபி


லா சப்பல்
23 ஏப்ரல் 2018

ரூபி,

நான் வந்தேன். உனக்குத் தெரியாது. நகரசபைக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் பத்து மணியிலிருந்து நின்றேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. உன் அத்தான்கூட என்னைக் காணவில்லை.

சண்டை பிடிக்கத்தான் வந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். பதினொரு மணிக்கு உள்ளே போய், எல்லாருக்கும் முன்னால் உன்னை இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று ரயிலில் வரும்போதே சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். கால் வரவில்லை. அவர்கள் உள்ளே போய் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.

நீலச் சுரிதார் யார் எடுத்துக் கொடுத்தது? தோள் சரியாக இருக்கவில்லை. தலையை ஒழுங்காக வாரவில்லை. முகத்துக்கு ஒன்றும் பூசவில்லை. நானூறு மணப்பெண்களுக்கு மேல் அலங்கரித்து வெளிக்கிடுத்தின எனக்கு, என் பிள்ளை அப்படி ஒரு கோலத்தில் படியிறங்கி வந்தது எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசி.

நீ ஒரு தட்டில் பொரித்த பற்றீஸ் கொண்டு வந்தாய். கட்டைக்கைச் சட்டையோடு, கையை ஒளிக்காமல். லக்சிகா ஒன்று எடுத்தாள். மதிலில் சாய்ந்துகொண்டு, கஜனோடு ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டாள். உதிர்ந்த மாவை நெஞ்சிலிருந்து தட்டிவிட்டாள். ஏழு கடி. இன்னொன்று எடுத்தாள். மூன்றாவது கடி கடிக்கும்போது என் வாய் தன்பாட்டில் பேசியது.

"காணும், பிள்ளை."

சாப்பிட்டது போதும் என்று உரத்துத்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மனிசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரு அகலம், லக்சிகாவுக்குக் கேட்கவில்லை. அவள் சாப்பிட்டு முடித்தாள்.

ஒன்பது மாதமாக நான் அவளைக் காணவில்லை. அவளுடைய கல்யாண நாளில் என் வாயிலிருந்து அவளுக்கென்று வந்த ஒரே சொல் அதுதான். நான் அதை நினைத்துச் சொல்லவில்லை, ரூபி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் சிரித்த முகத்தை இப்போது கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. கடிதான் வருகிறது. பத்துக் கடி.

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உன்மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் மறக்கமாட்டேன். அந்தப் பயண முகவர் கடைக்காரனின் விசயத்தை நீயும் மறக்காதே. நானும் நீயும் இனி ஒரு மேசையில் இருந்து தேத்தண்ணி குடிப்போம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று. சில நாளில் அவளுக்கு மனம் இளகும். அம்மாவை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று கேட்பாள். அவள் அப்படியான பிள்ளை. அன்றைக்கு நீ அவளை என்னிடம் வர விடாதே. அழுதாலும் விடாதே. அம்மா கூடாதவள் என்று சொல்லித்தான் மறிக்க வேண்டுமென்றால் அப்படியே சொல்லு. நான் அந்தத் தெருவில் வந்து நின்றதை அவளுக்குச் சொல்லிவிடாதே.

சிவரஞ்சினி